அரைச் சவரம்

இலங்கையில் சண்டைக் காலத்தில் ஒரு நாள், கலஹாத் தோட்டத்திலிருந்து கண்டி நகரத்துக்குப் போய், ஒரு சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்தேன். சலூன்காரர் ஒல்லியானவர், தடித்த கண்ணாடி. டிவியில் துப்பறியும் நாடகம் ஓடியது. கத்தியை நிறுத்தி, "டாக்டர்தான் கொன்னிருப்பான், பாருங்க" என்றார். மேலே ஹெலிகாப்டர் போனது. "பழைய எஞ்சின். சத்தந்தான் பெருசு" என்றார்.

பாதி முகம் முடிந்தபோது பொலிஸ் வந்தது. நான் தமிழன், என்னிடம் அடையாள அட்டையும் இல்லை. ஜீப்பில் ஏறச் சொன்னார்கள்.

சலூன்காரர் என் தோளை அழுத்தினார். "நாடகத்துலகூட ஆதாரம் பார்த்துத்தான் சார் புடிக்கிறாங்க. இவர் பத்து வருசமா இங்க வர்றவரு. கொண்டு போறதுன்னா என்னையும் ஏத்துங்க" என்று சிங்களத்தில் சொன்னார். பொலிஸ்காரர் முறைத்தார். சலூன்காரர் கண்ணை எடுக்கவில்லை. பொலிஸார் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் அந்தக் கடைக்குப் போனது அன்றுதான் முதல் தடவை. ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன்.

"வாய அசைக்காதீங்க, வெட்டிரும்" என்றார்.