உள்ளே விடாத மீட்டிங்

பிள்ளைகளே, தலத்தெரு வீட்டில் நான் இஸ்திரி போட்ட சட்டையோடு செல்போன் முன்னால் உட்கார்ந்திருந்த காலை உங்களுக்கு நினைவிருக்கும். காரைக்காலில் நான் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைக்கப்போகிறது, யார் யாருக்கு வேலை உண்டு என்று அன்றைக்கு ஆன்லைன் மீட்டிங்கில் சொல்வார்கள் என்று பேச்சு. லிங்கைத் தொட்டதும், 'காத்திருங்கள், விரைவில் உள்ளே அனுமதிப்பார்கள்' என்று திரையில் வந்தது. சத்தம் கேட்குமே என்று மின்விசிறியை நிறுத்தினேன். சட்டை நனைந்துவிட்டது.

"லேட்டா போனா எங்க ஸ்கூல்ல வெளியில நிக்க வைப்பாங்களே, அந்த மாதிரியாப்பா?" என்று சின்னவள் கேட்டாள்.

"சும்மா இரு. இப்பக் கூப்பிடுவாங்க."

நெட்தான் சரியில்லை என்று மாடிக்கும் போய்ப் பார்த்தேன். அப்போது கூட வேலை செய்த தம்பி ஒருவன் போன் செய்தான்.

"எங்கண்ணே இருக்கீங்க? உங்களக் காணுமே?"

"வெளியிலதான்டா நிக்கிறேன். விட மாட்டேங்குறாங்க."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் வேலைன்னு சொல்லிட்டாங்கண்ணே."

பிறகும் நான் அந்தத் திரையை மூடவில்லை. மூடினால், நானாக வேலையை விட்டு வந்ததாக ஆகிவிடும் என்று தோன்றியது. அவர்கள் பேசி முடித்து அதுவாக அணையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.