மாமி சொன்ன இரண்டாவது ஊர்

ஆராய்ச்சி என்றால் கண்ணாடி போட்ட ஆட்கள் ஏசி அறைக்குள் இருந்து செய்வது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்ததோ பதில்களை அடித்து அனுப்ப ஒரு டெப், கழுத்தில் தொங்க ஒரு அட்டை, மிச்சத்துக்குப் புத்தளத்து வெயில். அரசாங்கக் காரியமெல்லாம் கம்பியூட்டருக்குள் போகிற காலத்தில் சனங்களை எப்படி ஆள்வது, அதில் யார் யார் விடுபட்டுப் போவார்கள் என்பதுதான் கொழும்பு ஆட்களின் ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை.

உப்பளத்துக்குப் பக்கத்துக் குடியிருப்புக்கு என்னை அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. அங்கே இருப்பவர்கள், என் உம்மா வாப்பாவைப் போல, தொண்ணூறில் புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்கள். எங்கள் ஆட்களுக்குள் எல்லோருக்கும் தெரிந்த, வெளியில் யாரும் வாய்விடாத ஒரு விசயம் உண்டு. குடியிருப்பது இங்கே. ஆனால் மன்னாரில் பெயரை வெட்டினால் காணி கைவிட்டுப் போய்விடும் என்று பயம். இங்கே பதியாவிட்டால் ஒரு உதவியும் கிடையாது. அதனால் பலர் இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள், இடியப்பம் அவித்து விற்கும் ஒரு மாமியின் வீட்டுக்குப் போனேன். கணவர் மவுத்தாகித் தனியாக இருப்பவர். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். எத்தனை இடத்தில் பதிவு இருக்கிறது என்ற கேள்வி வந்ததும் சிரித்துவிட்டார்.

“ஒனக்குத் தெரியாததா மகள்? வேற ஆக்கள் கேட்டா ஒண்டுன்னுதான் சொல்லுவன். ஒனக்கிட்ட என்னத்துக்குப் பொய்?”

டெப்பில் ஒன்று என்று அடித்துவிட்டு எழும்பியிருக்கலாம். பெரிய உண்மை விளம்பி நான்! சரியான பதில்தான் ஆராய்ச்சிக்கு உயிர் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்களே. இரண்டு என்று அடித்தேன். மற்ற ஊரின் பெயரைக் கேட்டது, கொடுத்தேன். ஐடி இலக்கம் கேட்டது, அதையும் கொடுத்தேன். “இது ஒருத்தருக்கும் போகாது மாமி” என்று வேறு சொல்லிவிட்டு, அவர் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில், எங்களுக்குப் பொறுப்பான சேர் சந்தோசமாகச் சொன்னார்: “நம்மட டேட்டாவ, அரசாங்கத்துல பதிவு லிஸ்டெல்லாம் ஒண்டாக்குற ஆக்களும் கேட்டு எடுத்திருக்காங்க.”

நான் கையை உயர்த்தினேன். “பேரோடயா சேர்?”

“பேரில்லாம எப்படி ஒண்டாக்குற?”

ஒரே ஒரு படிவத்தை அழிக்க வேண்டும் என்றேன். அனுப்பியதை அழிக்க ஏலாது என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமியின் ஒழுங்கையால் போவதை விட்டேன். தபால்காரரின் மோட்டார்சைக்கிள் எங்கள் பக்கம் திரும்பினாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். சொல்லிவிடுவோமா என்று எத்தனை தரம் யோசித்தேன்! துணிவு வரவில்லை.

கடைசியில் மாமியே வந்தார், ஒரு பின்னேரம், கடிதத்தை ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு. அது சிங்களத்தில் இருந்தது. அதை வாசித்துச் சொல்ல அவருக்கு என்னை விட்டால் ஆளில்லை. இரண்டு பதிவு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, இரண்டு கிழமைக்குள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும், மற்றது வெட்டப்படும். ஒரு வரி விடாமல் வாசித்துச் சொன்னேன்.

“மன்னார வெட்டினா மாமாட காணி போயிடும். இங்க வெட்டினா மருந்துக்கு என்ன செய்யிற?” மாமி கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். “யாரு மகள் சொல்லியிருப்பாங்க? எங்கட ஆக்கள்தான். வெளியாக்களுக்கு இது தெரியாதே.”

என் படிவத்தால்தான் வந்ததா, வேறு வழியாகப் பிடிபட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைச் சொல்லவாவது வாய் திறந்திருக்க வேண்டும். கடிதத்தை மடித்து அந்தப் பேக்குக்குள்ளேயே வைத்தேன்.

மாமி இரண்டு கையையும் ஏந்தினார். “யா அல்லாஹ், இத எழுதிக் குடுத்தவங்கட குடும்பமும் எங்களப் போல போக்கிடமில்லாம அலையட்டும்.” பிறகு என்னைப் பார்த்தார். “ஆமீன் சொல்லு மகள்.”

குசினிக்குள்ளிருந்து உம்மா உரத்து ஆமீன் சொன்னார். நானும் சொன்னேன்.