தேர்வு ஆண்டும் ஒரு சுரப்பியும்

1. முதலில் குளிர்ந்தது. குளிரூட்டிய விரிவுரை அரங்கில் எல்லாருக்கும் குளிரும். எனக்கு வெயில் கொளுத்தும் நண்பகலில், உட்லண்ட்ஸ் பேருந்து நிலையத்திலும் குளிர்ந்தது.
2. முடி சீப்போடு வந்தது.
3. படித்த வரி, அடுத்த வரிக்குப் போவதற்குள் மறைந்தது.
4. வேதியியல் தேர்வில் தோற்றேன். தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சோறு சாப்பிட்டேன். எதுவும் தோன்றவில்லை.
5. வீட்டில் சோம்பல் என்றார்கள். பள்ளியில் ஊக்கமின்மை என்றார்கள்.
6. மார்ச் மாதம் இரத்தம் எடுத்தார்கள்.

அப்போது நான் தொடக்கக் கல்லூரியில் (பள்ளிப்படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகள்) இரண்டாம் ஆண்டு. ஆண்டு இறுதியில், பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் ஏ நிலைத் தேர்வு. இப்போது அதே ஆண்டில், அதே நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. நடந்ததை வரிசையாகச் சொல்ல வரும்.

மேலே உள்ள பட்டியலில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் வாப்பா (அப்பா) என்னை ஒரு தன்முனைப்பு உரைக்கு அழைத்துப் போனார். அவருக்குத் தேக்கா கடைத்தெருவில் பயணப்பெட்டிக் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார் என்றால் எவ்வளவு கவலைப்பட்டிருப்பார் என்று இப்போது புரிகிறது. பேச்சாளர் எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். பட்டமளிப்பு அங்கி போட்டு மேடையில் நிற்பதாக நினைக்கச் சொன்னார். நான் தூங்கிவிட்டேன்.

"லாத்தா கவுன் போட்டா, மேடை ஏறுனா, அங்கேயே படுத்துட்டா லா," என்று தங்கை ரிஸ்வானா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். லாத்தா என்றால் அக்கா.

நோயைக் கண்டுபிடித்தது தற்செயல். தொண்டை வலிக்கு விடுப்புச் சான்றிதழ் வாங்க உம்மாவோடு பலதுறை மருந்தகம் போயிருந்தேன். மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. ஜில்லிட்டிருந்த என் கையைத் தொட்டவர் தொண்டையை மறந்துவிட்டார்.

"எவ்வளவு நாளா இந்தக் குளிர் ஜாக்கெட்டைக் கழட்டாம இருக்கேம்மா?"

"டிசம்பர்லேர்ந்து."

அவர் என் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது: தைராய்டு குறைபாடு (கழுத்தின் முன்பக்கம் உள்ள சிறு சுரப்பி உடலின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, என்னுடையது ஏறக்குறைய நின்றிருந்தது). காரணம், தன்னெதிர்ப்பு நோய் (உடலின் காவல் அணுக்கள் சொந்த உறுப்பையே தாக்குவது). டிஎஸ்எச் அளவு (சுரப்பியை வேலை வாங்க மூளை அனுப்பும் உத்தரவு, சுரப்பி சோர்ந்தால் இது ஏறும்) மிக அதிகம்.

"அப்ப எம்புள்ள சோம்பேறி இல்ல," என்றார் உம்மா. பிறகு, "பரீட்சைக்குள்ள சரியாயிடுமா டாக்டர்?"

"ஆறு வாரத்துல மாற்றம் தெரியும். தினம் காலைல ஒரு மாத்திரை, வெறும் வயித்துல."

"அடுத்த வாரம் நோன்பு. வைக்கலாமா?"

"ஒரு வேளை மாத்திரைதானே, வைக்கலாம்."

இங்கேதான் நாங்கள் தவறினோம். நோன்பு மாதத்தில் காலை என்பது சஹர், அதாவது விடியலுக்கு முன் உண்ணும் வேளை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் புண்ணாகும் என்பது உம்மாவின் உறுதியான நம்பிக்கை. சோறு சாப்பிட்டு முடித்ததும் ஒரு குவளைப் பாலோடு மாத்திரையை என் கையில் தருவார். எனக்கும் உறுத்தவில்லை. அதற்குப் பிறகு நாள் முழுக்க வெறும் வயிறுதானே, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பெருநாள் முடிந்த பிறகும் பால் தொடர்ந்தது.

மே மாதம் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். அளவு இறங்கவே இல்லை.

"மாத்திரை ஒழுங்கா போடுறியாம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் உம்மா, "ஒரு நாள் விடல டாக்டர். நானே கையில குடுப்பேன். பாலோட," என்றார். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

"பாலோடவா?"

பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடலுக்குள் போக விடாது, சோறும் தடுக்கும் என்று மருத்துவர் விளக்கினார். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி வேண்டும், தண்ணீர் மட்டும்தான். திட்டவில்லை. உம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது ரயிலில், "உன் பரீட்சையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்ல," என்றார்.

"பரவாயில்ல உம்மா," என்றேன். அடுத்த நிலையத்தை அறிவிக்கும் குரலுக்கும் என் குரலுக்கும் வித்தியாசமில்லை.

ஜூலையில் அரையாண்டுத் தேர்வு முடிவைப் பார்த்த வகுப்பாசிரியர், இந்த ஆண்டு விலகி அடுத்த ஆண்டு எழுதலாம் என்று யோசனை சொன்னார். அன்று இரவு உணவின்போது வாப்பா கேட்டார்.

"உடம்புதான் முக்கியம். ஒரு வருஷம் போனாப் போகுது. உனக்கு எழுதணும்னு ஆசை இருக்கா?"

"இல்ல."

"அப்ப தள்ளி வச்சுடுவோம்."

"தள்ளி வைக்கணும்னும் ஆசை இல்ல வாப்பா."

"என்னதான் வேணும் உனக்கு?"

"தெரியல. கொழம்பு வேணும்."

ரிஸ்வானா சிரித்தாள். உம்மா சிரிக்கவில்லை, குழம்பையும் ஊற்றவில்லை. ஓர் ஆண்டு தள்ளிப்போனால் அந்த ஆண்டு முழுவதும் அவர் கணக்கில் போய் விழும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, வலிக்கவில்லை. ஆனாலும் இந்த ஆண்டே எழுத அதைக் காரணமாக எடுத்துக்கொண்டேன். வேறு காரணம் கைவசம் இல்லை.

ஆகஸ்டில் டிஎஸ்எச் சரியான எல்லைக்குள் வந்தது. குளிர் போய்விட்டது. வரிகள் நினைவில் நின்றன. ஆர்வம் மட்டும் வரவில்லை. மருத்துவரிடம் சொன்னேன். இரத்தம் முதலில் சரியாகும், மனம் பின்தங்கலாம், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். போனேன். உங்களுக்கும் சொன்னால் போய்விடுங்கள்.

அதற்குள் ஆர்வத்துக்காகக் காத்திருப்பதை நிறுத்தியிருந்தேன். வார இறுதிகளில் வாப்பாவின் கடைக்குப் போய், விற்காத பெரிய பெட்டி ஒன்றின்மேல் புத்தகத்தை விரித்தேன். ஊருக்குப் போகும் வெளிநாட்டு ஊழியர்கள் பெட்டிகளைத் திறந்து மூடிப் பார்த்தபடி இருப்பார்கள். அந்தச் சத்தத்தில் யாரும் என்னை ஊக்கப்படுத்த முடியாது. ஒரு கணக்கு, பிறகு அடுத்த கணக்கு. பிடிக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. பொருளியலில் தேர்ச்சி பெற்றால் போதும் என்று முடிவு செய்து, மிச்ச நேரத்தைக் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் கொடுத்தேன். எல்லாத் தாள்களையும் எழுதினேன். கடைசித் தாள் முடிந்ததும் தோழிகள் கத்தினார்கள். நான் பேனாக்களை எண்ணிப் பையில் போட்டேன்.

முதலில் திரும்பி வந்தது மகிழ்ச்சி அல்ல. ஜனவரியில் ஒரு மாலை, எனக்கென்று எடுத்து வைத்திருந்த முர்தபா ரொட்டியை ரிஸ்வானா தின்றுவிட்டாள். வெறும் தட்டைப் பார்த்தேன். தலைக்கு ஏதோ சூடாக ஏறியது.

"கேட்டுட்டுத் திங்க மாட்டியாடி? எப்பப் பாரு என்னோடதையே!"

தெருவே கேட்டிருக்கும். உம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"கத்துறா," என்றார் வாப்பாவிடம். "ஏங்க, இவ கத்துறாங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டே ரிஸ்வானாவின் முதுகில் ஒன்று வைத்தார். அவள், "அவ கத்துனதுக்கு எனக்கு ஏன் அடி?" என்றாள்.

இன்றைய நிலை இது. மருந்தியல் படிக்க நினைத்தேன், மதிப்பெண் போதவில்லை. பொறியியல் கிடைத்தது, மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். மாத்திரை வாழ்நாள் முழுவதற்கும். இன்று விழுங்குவதன் பலன் பல வாரம் கழித்துத்தான் இரத்தத்தில் முழுதாகத் தெரியும். அதனால் என் உடம்பு எப்போதும் எனக்குச் சில வாரம் பின்னால் வருகிறது என்றே நினைத்துக்கொள்கிறேன். அதற்காக நின்று காத்திருப்பதில்லை. சோர்வு வந்தால் அது நானா, சுரப்பியா என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரத்தம் கொடுக்கிறேன். முடிவு வரும்வரை வகுப்புக்குப் போகிறேன்.