தாய்மாமன் போட்ட கட்டைவிரல்

போன பங்குனியில் என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தோம். நான் இருப்பது கடலூர். என் ஒரே தம்பி சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் அவன்தான்.

நான் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள். அவன் ஒன்பதுக்கு ஒன்று, அதுவும் கேட்டால்தான். இத்தனை வருடமாக அது வீட்டில் வெறும் கேலிப் பேச்சு.

நாள் குறித்ததைச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பூங்கொத்தும் வாழ்த்துமாகக் குவிந்தது. தம்பி மட்டும் சாயங்காலமாக ஒரு கட்டைவிரல் படம் போட்டான். எனக்குச் சுருக்கென்றது. "மாமனுக்கு விரலை ஆட்டத்தான் நேரம் இருக்கு போல" என்று எழுதிவிட்டேன். பாதி விளையாட்டு, பாதி கோபம்.

அவ்வளவுதான். அவனுக்கு எப்போதுமே தலைக்கனம் என்று சித்தி ஆரம்பித்தார். சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகன் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பினார். எந்தக் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை, எங்கே சாப்பிடாமல் எழுந்து போனான் என்று பழசெல்லாம் கிளறினார்கள். நான் தடுத்திருக்கலாம். எனக்குப் பரிந்து பேசுகிறார்களே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் தம்பி குரூப்பிலிருந்து வெளியேறினான். போன் போட்டால் எடுக்கவில்லை. காது குத்துக்கு மூன்றே நாள். பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பது?

வெற்றிலை பாக்கு, பழத்தோடு பஸ் ஏறினேன். முதலிலேயே இப்படி நேரில் போய் அழைத்திருக்க வேண்டும்.

கடையில் மாணவர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். புராஜெக்ட் பைண்டிங் நேரம், ஞாயிற்றுக்கிழமைகூட அவன் கடை மூடாத நாட்கள். கதவில் அவன் கையெழுத்தில் ஒரு தாள், ஓரம் சுருண்டிருந்தது. "வெள்ளிக்கிழமை கடை லீவு. மருமகளுக்குக் காது குத்து."

"இது எப்போடா ஒட்டுன?"

"நீ நாள் சொன்ன அன்னிக்கே."

"இதையே குரூப்ல ஒரு வரி போட்டா என்னடா?"

பசைக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "கடைக்கு வர்றவங்களுக்குச் சொல்லணும். உனக்குமா சொல்லணும்? நான் வரமாட்டேன்னு நெனச்சியாக்கா?"

ஒன்பது வார்த்தைக்காரி நான், அங்கேயே அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தான். அவன் மடியில்தான் காது குத்தினோம். சித்தியிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை, இன்றுவரைக்கும். குரூப்பிலும் திரும்பச் சேரவில்லை. அங்கே இப்போது வேறு யாரையோ பிடித்திருக்கிறார்கள். படிக்கவே அலுப்பாக இருக்கிறது.

முப்பது வருடமாக அவனைத் தெரிந்த நான், இரண்டு நாள் மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவன் வரமாட்டான் என்று நம்பினேனே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.