மூன்றாவது பாட்டின் கடைசியில்

கோடை வந்தால் மார்னி கொஸ்கெலாவின் வீட்டு வாசலில் வெளியூர்க் கார்கள் நிற்கும். தாடிப் பையன்களும் கம்பளித் தொப்பிப் பெண்களும் இறங்கி அந்தப் பச்சைக் கதவைப் படம் எடுப்பார்கள். ஒன்றிரண்டு பேர் கண்ணீர் வேறு விடுவார்கள். இருபது வருடத்துக்கு முன், அவளுடைய அப்போதைய கணவன் ரான்டல் அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு கிட்டாரோடும் பழைய டேப் ரெக்கார்டரோடும் உட்கார்ந்து பாடிய ஆல்பம்தான் காரணம். செத்துப்போன மகளுக்காகத் தகப்பன் பாடியது என்று ஊர் உலகமே நம்புகிறது. பாடியபோது ஹில்யா உயிரோடுதான் இருந்தாள். ஐந்து வயது. சுரங்கத்து வேலை போன கடுப்பில் பாடினான், அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் முடிகிற நேரத்தில், உறைந்த ஏரியின் பனி உடைந்து பிள்ளை உள்ளே போனாள். ஆல்பம் அதற்குப் பிறகு வெளிவந்தது. அப்புறம் யார் போய்த் திருத்துவது?

மூன்றாவது பாட்டின் கடைசியில் "அப்" என்று ஒரு சத்தம் வரும். உடனே பாட்டு அறுந்துவிடும். கதவுக் கீல் என்பார்கள் ரசிகர்கள், காற்று என்பார்கள். இப்போது சோகப்பாட்டுப் பாடுகிற பொடிசுகளெல்லாம் பாட்டை அப்படி அறுத்து முடிப்பதுதான் பாணி. அது ஹில்யா "அப்பா" என்று கூப்பிட வாயெடுத்த சத்தம். மகளின் குரல் என்று மார்னிக்கு மிஞ்சியது அந்த அரைச் சொல் மட்டும்தான். பாட்டு எடுத்த அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். அதனால் மீதியை அவளே சொல்லிக்கொள்வாள். ஒருநாள் "அப்பா, பசிக்குது." இன்னொருநாள் "அப்பா, பூனை உள்ள வந்துடுச்சு."

இந்த வருடம் டேப்பில் உள்ளதை வெட்டாமல் புதிதாக வெளியிடுவதாகக் கம்பெனி அறிவித்தது. ரிக்கார்டு வரவேண்டிய நாளில், பேக்கரியில் மார்னிக்குக் கை ஓடவில்லை.

"ரெண்டு தட்டு பேஸ்ட்டியக் கருக்கிட்டே. எவனையாவது காதலிக்கிறியாடி?" என்றாள் கூட வேலை பார்க்கும் டோலி.

"அந்த ரிக்கார்டு இன்னிக்கு வருதுடி."

"அந்த அழுமூஞ்சிப் பாட்டா? விட்டுத் தொலையேன்!"

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், வந்திருந்த ரிக்கார்டைப் போட்டுக் கேட்டாள். மூன்றாவது பாட்டு முடிந்தது. துடைத்துவிட்ட மாதிரி அமைதி. அந்த "அப்" கூட இல்லை. ரான்டலுக்குப் போன் போட்டாள்.

"ஹில்யா எங்கடா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஏதோ இரைச்சல்னு கம்பெனிக்காரன் அழிச்சுட்டான், மார்னி. நான் கவனிக்கல."

"டேப்புல மீதி இருக்குமில்ல? அத அனுப்பு."

"மீதி இல்ல. பின்னாடி ஓட்டி, அது மேலயே அடுத்த பாட்ட எடுத்துட்டேன்."

"சரி. என்ன சொன்னா? அதையாவது சொல்லு."

"ஞாபகமில்ல."

"ரான்டல்!"

"சத்தியமா ஞாபகமில்ல. நான் கத்தினதுதான் ஞாபகமிருக்கு. 'சனியனே, கதவச் சாத்திட்டுப் போ'ன்னு கத்தினேன்." அவன் அழ ஆரம்பித்தான். அவன் அழுகையைக் கேட்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. மார்னி போனை வைத்துவிட்டாள்.

பிறகு பழைய ரிக்கார்டை எடுத்துப் போட்டாள். "அப்" வந்தது. பசிக்குது என்று சொல்லவைக்கப் பார்த்தாள். பூனையைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அவள் மனசுக்குள் ரான்டலின் அதட்டல்தான் வந்தது. ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தாள். மறுபடியும் அதேதான்.