அடைத்து வைத்த இரண்டாவது துளை

கக்கூஸே இல்லாத எங்கள் தெருவுக்குக் கக்கூஸ் கேஸ் என்று ஒரு பேர் வந்தது. அதை வாங்கிக் கொடுத்தவன் நான். மற்றவர்களைத் திட்டப் போகிறேன், அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கொத்தனார் வேலை பார்த்தேன். பேரையூர்ப் பக்கம் மழையை நம்பிக் கிடக்கும் ஊர். எங்கள் ஆட்களுக்கு நிலம் கிடையாது, மேலத்தெருக்காரர்கள் காட்டில் கூலி வேலைதான். சாண எரிவாயுக் கலன் கட்டக் கொத்தனார்களுக்குப் பயிற்சி என்று மதுரைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். விறகை எரிக்காதே, மரத்தை வெட்டாதே, பூமி சூடாகிறது, கிராமம்தான் நாட்டுக்கு வழிகாட்ட வேண்டும் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் வந்த ஜீப், வகுப்பு முடியும்வரை வாசலில் உறுமிக்கொண்டே நின்றது. பூமி சூடாவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் அக்காவுக்கு மூச்சு வேண்டும். அதற்காகப் போனேன்.

அத்தான் செத்த பிறகு அக்கா இட்லி அவித்து விற்றுப் பிழைத்தாள். செங்கல் சூளைக்குப் போகிற எங்கள் தெரு ஆட்கள் அவளிடம்தான் சாப்பிடுவார்கள். சீமைக்கருவேல விறகு. அதன் புகை கண்ணைக் கரிக்கும், நெஞ்சில் போய் உட்காரும். ஒரு தட்டு இட்லி எடுத்து வைப்பதற்குள் மூன்று தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவாள். புகையை விடு, இல்லாவிட்டால் நுரையீரல் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டால் எதைத் தின்பது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மாடு வைத்திருக்கிறவர்களுக்குத்தான் கலன் என்று திட்டத்தில் இருந்தது. அக்காவிடம் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. பார்வையிட வந்த அன்று மூன்று மாடுகளை இரவல் வாங்கி அவள் வாசலில் கட்டினேன். புது இடம் என்று அவை கயிற்றை இழுத்து மிரண்டுகொண்டு நின்றன. வந்தவர் மாட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பயனாளி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். சாணிக்கு வேறு வழி இருந்தது. மேலத்தெருவில் காடும் மாடும் உள்ள ஒரு சம்சாரி வீட்டுத் தொழுவத்தை அக்காதான் கூட்டி அள்ளினாள். அள்ளுகிறவளுக்கு அதில் ஒரு பங்கு சாணி. அதுதான் கூலி. எங்கள் பெண்கள் காலங்காலமாக அப்படித்தான் அள்ளினார்கள்.

கலனை நானே கட்டினேன். மண்ணுக்குள் ஒரு செங்கல் குடம், சாணி கரைத்து ஊற்ற ஒரு தொட்டி, கரைசல் வெளியேற ஒரு தொட்டி. பயிற்சியில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். பக்கவாட்டில் இரண்டாவதாக ஒரு துளை விட்டு வை, என்றைக்காவது கக்கூஸ் கட்டினால் இணைத்துக்கொள்ளலாம் என்று. விட்டேன். விட்டதைச் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசி அடைத்தேன்.

கேஸ் வந்தது. நீலமாக எரிந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னடா தம்பி, சத்தமே போடாம எரியுது. இதுல வேகுமா?"

வெந்தது. இரண்டு மாதம் போனதும் அவளுக்கு இருமல் பாதியாகக் குறைந்தது. இட்லி ஊற்றும்போது பேச ஆரம்பித்தாள். அவள் அவ்வளவு பேசுவாள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

பிறகு அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரும் வந்தது. கலனை அளந்த ஒருவர், பக்கத்தில் இது என்ன பூச்சு என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். படித்தவர் என்னை மதித்துக் கேட்கிறார் என்ற கொழுப்பு. "கக்கூஸையும் இதுல சேக்கலாம் சார்" என்றேன், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. அவர் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, அக்கா கக்கூஸ் கேஸில் இட்லி அவிக்கிறாள் என்று பேச்சாகிவிட்டது. சூளைக்குப் போகிறவர்கள் அக்கா வாசலில் நிற்காமல் நடந்தார்கள். மேலத்தெருக்காரன் இல்லை, எங்கள் ஆட்கள். எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது, அத்தனை பேரும் கண்மாய்க்கரைக்குத்தான் ஒதுங்கினோம். அந்தத் தெரு என் அக்கா இட்லியைப் பார்த்து மூக்கைப் பிடித்தது.

நான் கடப்பாரையை எடுத்துக் கலனைச் சுற்றித் தோண்டினேன். பூச்சைக் காட்டினேன். குழாய் எங்கே, கக்கூஸ் எங்கே, காட்டுங்கள் என்று கத்தினேன். கூட்டாளி ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"இப்ப அடச்சுத்தான் இருக்கு மாப்ள. நாளைக்குத் தொறக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்? அம்புட்டு நம்பிக்கைன்னா நீயே எல்லா இட்லியையும் தின்னு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனை அடித்தேன். அதனாலும் ஒன்றும் ஆகவில்லை.

பேச்சு மேலத்தெருவுக்கும் போனது, அங்கே எங்கள் தெருவுக்கே கக்கூஸ் கேஸ் என்று பேர் வைத்தார்கள். தொழுவம் கூட்டப் போன அக்காவைச் சம்சாரி வாசலிலேயே நிறுத்தினார். "எங்க வீட்டு மாட்டுச் சாணியக் கொண்டுபோயி எதுலடி கலக்குற?" என்றார். எதிலும் கலக்கவில்லை என்றாள். கேஸ் போக மிச்சம் வருகிற கரைசல் நல்ல உரம், அதை உங்கள் காட்டிலேயே கொண்டுவந்து ஊற்றுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக் குழியில ஊறுனத எங்க காட்டுல ஊத்துவியா? கூடைய எடுத்துட்டுப் போ."

அவள் கையால் அள்ளிய சாணியைத்தான் அவர் வீட்டு வாசலில் தெளித்தார்கள், அதுதான் அவர் காட்டுக்கு எருவானது. அதில் தீட்டு இல்லை. எங்கள் குழிக்குள் ஒரு மாதம் கிடந்தால் மட்டும் தீட்டு. இதை நான் எந்த வகுப்பில் போய்ப் படிப்பது?

சாணி நின்றதும் நெருப்பு சிறுத்து, ஒருநாள் அணைந்தது. காய்ந்த கலன் அடுத்த கோடையில் விரிசல் விட்டது. அக்கா பழையபடி கருவேல விறகு மூட்டினாள். புகை தெரிந்த பிறகுதான் ஆட்கள் சாப்பிட வந்தார்கள்.

அதற்குப் பிறகும் நான் வேறு ஊர்களில் கலன் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் வயிறு இருந்தது. துளை மட்டும் விடுவதில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, கலன் கட்டிய வீடுகளின் பட்டியலோடு ஒருவர் வந்தார். கலன் ஒழுங்காக எரிந்தால் புகை மிச்சம், அந்த மிச்சத்தை வெளிநாட்டில்கூடக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். அக்கா வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார், கலன் வேலை செய்கிறதா, கட்டிய கொத்தனார் யார் என்று.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பேச முடியாமல் சுவரைப் பிடித்து, இருமல் அடங்கும்வரை அவரைக் கையமர்த்தி நிறுத்தினாள்.

"நல்லா எரியுதுன்னு எழுதிக்கங்க சார். எந்தம்பி கட்டுனது."

அவர் எழுதிக்கொண்டார். அக்கா ஊதாங்குழலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.