பிரேக் இல்லாத வண்டியில் வந்த சீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம், எழுமலைக்குப் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயிலுக்குப் போகும் வழியில் நடந்தது இது. என் மூத்த மகளுக்கு அன்று காதுகுத்து.

நாங்கள் அப்போது மதுரை பழங்காநத்தத்தில் குடியிருந்தோம். என் கணவர் அங்கே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களைப் பிரித்து, புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி மறுபடி ஓட வைப்பதுதான் தொழில். என் அண்ணன் எழுமலையில் விவசாயம் பார்த்தான். இரண்டு பேரும் என் கல்யாணத்துக்கு முன்பே சிநேகிதர்கள். அந்தச் சிநேகிதத்தில்தான் என் கல்யாணமே முடிவானது.

பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போன காலம். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் கேட்டான். "ஏ மாப்ள, அம்புட்டுத் தண்ணிய எறைக்கிற மோட்டாரு ஒரு காரை இழுக்காதா?"

என் கணவர் சிரித்தார். ஆனால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு யோசிக்கத் தொடங்கிவிட்டார். மறுவாரமே ஒரு மில்லில் பஞ்சுப்பொதி இழுத்துக்கொண்டிருந்த பழைய பேட்டரி வண்டியை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதன் மோட்டாரை வாங்கி வந்தார். அண்ணன் கிணற்றடி நிலத்தில் ஒரு துண்டை விற்று, எஞ்சின் செத்துப்போன ஒரு காரை வாங்கினான். அண்ணி வீட்டில் அதற்காக அவனைப் பேசாத பேச்சில்லை. "நெலத்தை வித்துத் தகரம் வாங்குன ஆளு" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அது அவனுக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

கடையில் இடம் இல்லாததால் வண்டி எழுமலையில் அண்ணன் களத்துக் கொட்டகையில் நின்றது. ஞாயிறு விடிந்தால் என் கணவர் பஸ் ஏறிவிடுவார். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவேன். எஞ்சினை இறக்கி மோட்டாரை ஏற்றினார்கள். முன்னால் பாதி, பின் சீட்டுக்கு அடியில் பாதி என்று எட்டு லாரி பேட்டரிகளை அடுக்கினார்கள். பம்புசெட் கரண்டிலேயே சார்ஜ் ஏற்றினார்கள். முதல் தடவை அந்த வண்டி களத்தைச் சுற்றி வந்தபோது சத்தமே இல்லை, டயருக்கு அடியில் சரளை நொறுங்குவதுதான் கேட்டது. அண்ணன் என் கணவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. இன்றைக்கும் அதை நான் மறுக்கமாட்டேன்.

ஓட வைத்தாகிவிட்டது. நிறுத்துவதுதான் பிரச்சினையாக இருந்தது. மற்ற கார்களில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்குமாம். இதில் எஞ்சினே இல்லை, காலை எடுத்தாலும் மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், வண்டி தன் போக்கில் ஓடும். பற்றாததற்குப் பேட்டரி கனம் வேறு. அந்தக் காருக்கென்று போட்டிருந்த பழைய பிரேக் இந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. சமதரையிலேயே, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. என் கணவர் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். பின் சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகியிருந்தது. வேறொரு வேனில் இருந்து பெரிய டிரம் எடுத்துப் பொருத்துவதென்று முடிவு செய்து, மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் தேட ஆரம்பித்தார்.

காதுகுத்துக்கு முந்தின ஞாயிறு. களத்துக் கொட்டகையில் அண்ணனுக்கு நான்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், வண்டிய எடுத்துராதீக. பின்னாடி பிரேக்கு சுத்தமா இல்ல. ஹேண்ட் பிரேக் கேபிளையும் கழட்டிப் போட்டுட்டேன். டிரம்மு கெடச்சதும் மாட்டிட்டு, அப்பறம் ஊரைச் சுத்துங்க."

"காதுகுத்துக்கு முடியாதா?"

"முடியாது மச்சான்."

அண்ணன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு, "சரி விடு. சீரை டிராக்டர்லயே கொண்டாரேன்" என்றான். நான் நிம்மதியாக அவனுக்கு ரசம் ஊற்றினேன்.

கோயில் கண்மாய்க் கரைக்குக் கீழே இருக்கிறது. சாலை கரை மேல் ஏறி, கோயில் திடலுக்கு இறங்கும். அன்று காலை நாங்களெல்லாம் இறக்கத்தின் அடியில், தாய்மாமன் சீரை எதிர்கொள்ள நின்றிருந்தோம். மேளக்காரர்கள் முன்னால். அவர்களுக்குப் பின்னால் ஆரத்தித் தட்டோடு பெண்கள். என் இடுப்பில் மகள்.

கரை மேல் கார் தெரிந்தது. முன்புறம் மாலை கட்டியிருந்தது. அண்ணன் ஓட்டினான். பக்கத்தில் அண்ணி. பின்னால் என் அம்மாவும் அண்ணி வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் மடியில் சீர்த்தட்டோடு. கூட்டம் குலவை போட்டது. கார் இறக்கத்தில் இறங்கியது. அண்ணன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். சந்தோஷத்தில் அடிக்கிறான் என்று நினைத்து மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

என் பக்கத்தில் நின்ற கணவர், "பிரேக் இல்லையே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மேட்டைப் பார்த்து ஓடினார்.

கரையைப் பலப்படுத்த ஓரத்தில் கல் கொட்டி வைத்திருந்தார்கள். ஒரு கல்லைப் புரட்டிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார். கார் அதைத் தட்டிவிட்டு வந்தது. இன்னொன்றை எடுத்து ஓட்டமாக முன்னால் போய்ப் போட்டார். அது உருளப் பார்த்தது. டயர் ஏறும்வரைக்கும் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கார் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு திரும்பி, கரை ஓரத்துக் கருவேல மரத்தில் மோதி நின்றது.

காரில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். மேளக்காரர்கள் மேல் படவில்லை. என் கணவரின் வலது கை கல்லுக்கும் டயருக்கும் நடுவில் இருந்தது.

உறவுக்காரர்களை ஏற்றிப் பின்னால் வந்த டிராக்டரில் அவரை ஏற்றி, உசிலம்பட்டிக்கும் அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கும் நான்தான் கொண்டுபோனேன். பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். குறித்த நேரம் தவறக்கூடாதென்று, நாங்கள் போன பிறகு என் மகளுக்குக் காது குத்தியிருக்கிறார்கள். என் அண்ணன் மடியில் உட்கார வைத்துத்தான்.

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்ச விரல்கள் மடங்கவில்லை. மெல்லிய கம்பியைப் பிடித்து இழுத்துச் சுற்றும் தொழிலுக்கு அந்தக் கை இனி உதவாது என்பது எங்கள் இருவருக்கும் சொல்லாமலே தெரிந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கூடவே அண்ணி வீட்டு ஆட்களும் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி எல்லோரும் நிற்கையில் அவன் சொன்னான். "பிரேக்குல கோளாறுன்னு மாப்ள ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வண்டியத் தொட்டிருப்பனா?"

நான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு கேட்டேன்.

"ஏங்க, நீங்க சொன்னப்ப நானும்ல இருந்தேன். ஏன் பேசாம இருந்தீக?"

"அவுக வீட்டுல ஏற்கனவே அவரை மதிக்கிறதில்ல. இதுவும் தெரிஞ்சா அந்த ஊருல தலை நிமிர முடியாது. போனது என் வெரலு. விடு."

அம்மாவும் தனியாக என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஹேண்ட் பிரேக்க இழுத்தான், புடிமானமில்லாம வெறுசா வந்துருச்சுத்தா. மொகம் வெளுத்துப்போச்சு அவனுக்கு. புள்ள பயத்துல சொல்லிட்டான். நீ எதையும் கெளறாத." அண்ணன் சொன்னது பொய் என்று அம்மாவுக்கும் தெரிந்திருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர்கள் நாலைந்து பேர் பழங்காநத்தம் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணனும் அம்மாவும் கூட வந்தார்கள். அண்ணி வீட்டார் இன்னும் கோபமாக இருக்கிறார்களாம். பொம்பளைகளைப் பிரேக் இல்லாத வண்டியில் ஏற்றியதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமாம். வந்தவர்களில் மூத்தவர் சொன்னார்.

"மாப்ள, வண்டி நீங்க செஞ்சது. சொல்லாம விட்டது தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. இதோட முடிஞ்சு போகும்."

என் கணவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆமா, நான் சொல்லியிருக்கணும்" என்று தொடங்கினார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அவுக சொன்னாக" என்றேன். "நான் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். பிரேக்கு இல்ல, கேபிளக் கழட்டிட்டேன், எடுத்துராதீகன்னு சொன்னாக. அண்ணன் டிராக்டர்ல வாரேன்னு சொன்னுச்சு. வேணும்னா என் புள்ள மேல சத்தியம் பண்றேன்."

அண்ணன் அதை மறுக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்று மட்டும் கேட்டான். "நீ எனக்குத் தங்கச்சியா, அவருக்குப் பொண்டாட்டி மட்டுந்தானா?"

அம்மா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போனாள். நான் போட்ட காபி எல்லோர் முன்னாலும் ஆறிக்கிடந்தது. ஒருவரும் குடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு என் கணவர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம், "ஒனக்கு இருந்தது அந்த ஒரு வீடு. அதையும் மூடிட்டு வந்துட்ட" என்றார். தன் பேரைக் காப்பாற்றினாளே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் காத்திருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

கடையை விற்றோம். ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இடது கையால் பில் எழுதும் வேலைக்குப் போனார். நான் வீட்டில் தையல் மெஷின் போட்டேன். அண்ணன் அந்தக் காரைப் பேட்டரியோடு யாருக்கோ விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். என் மகள் பெரியவளானபோது தாய்மாமன் வரவில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. பத்திரிகை வைக்கப் போனபோது அம்மா கதவருகில் நின்று வாங்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

பல வருடம் கழித்து அம்மா இறந்தாள். தகவல் வந்தது, போனோம். யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்து நான் முற்றத்துக்கு வந்தபோது, அண்ணன் இளவட்டங்கள் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தலையெல்லாம் நரைத்திருந்தது.

"இப்பத்தான கரண்டு வண்டிங்கிறீக. அந்தக் காலத்துலயே இந்த ஊருல நான் கரண்டுல கார் ஓட்டுனேன்டா" என்றான். பையன்கள் வியப்போடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார் செய்து கொடுத்தது என்று ஒருவன் கேட்டான். "மதுரையில ஒரு மெக்கானிக்கு" என்றான் அண்ணன்.

நாலு நாற்காலி தள்ளி என் கணவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்டது. பையன்கள் பார்த்துவிடக்கூடாதென்று வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியவர்கள் முன்னால் அன்று நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், மனிதர்கள் அதன் பக்கம் வந்து நின்றுவிடுவார்கள் என்று அந்த வயதில் நம்பியிருந்தேனே, அந்த நம்பிக்கை மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.